மர்ரே ஹில்லிலிருந்து மானசகங்கோத்ரிக்கு

'ஃபார்' என்று தொடங்கி 'டன்' என்று முடியும் ஷெல் லூப்புக்குப் பிறந்த வீடு அமெரிக்காவின் மர்ரே ஹில் பெல் ஆய்வகம். ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் புரோகிராம். யூனிக்ஸ் இயங்குதளம் பிறந்ததும் அங்கேதான். ஆனால் 1971இல் கென் தாம்ப்சன் எழுதிய முதல் ஷெல்லுக்கு லூப் தெரியாது. ஒரே வேலையைத் திரும்பச் செய்ய 'கோட்டூ'வைக் கூப்பிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கோட்டூ ஷெல்லின் பகுதியே அல்ல, தனி புரோகிராம். ஷெல் படித்துக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டை அதுவும் முதல் வரியிலிருந்து படித்து, சொன்ன அடையாளம் உள்ள வரியைப் பிடித்து, 'இதுவரை படித்தாயிற்று' என்ற குறியை அங்கே நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விடும். ஷெல்லோ, தான் விட்ட இடம் அதுதான் என்று நம்பி மேலே படிக்கும். ஏமாற்று வேலைதான், ஆனால் ரசிக்கத்தக்க ஏமாற்று.

எழுபதுகளின் நடுவில் ஜான் மேஷி இந்த வேலைகளை ஷெல்லுக்குள்ளேயே கொண்டுவந்தார். இன்று நாம் தட்டும் உருவத்தைக் கொடுத்தவர் ஸ்டீவ் போர்ன். கேம்பிரிட்ஜில் அல்கால் 68 கம்பைலரோடு பழகிவிட்டு வந்தவர். அவருடைய ஷெல் 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. அல்காலில் ஒரு சொல்லால் திறந்ததை அதையே திருப்பிப்போட்டு மூடுவார்கள். 'இஃப்' திறந்தால் 'ஃபி', 'கேஸ்' திறந்தால் 'ஈசாக்', 'டூ' திறந்தால் 'ஓடி'. முதல் இரண்டையும் போர்ன் அப்படியே எடுத்துக்கொண்டார். மூன்றாவதற்கு இடமில்லை. 'ஓடி' என்ற பெயரில் யூனிக்ஸில் ஏற்கெனவே ஒரு கட்டளை குடியிருந்தது, ஃபைலின் பைட்டுகளை எண்களாகக் கொட்டிக் காட்டுவது. அதனால்தான் 'டன்'. உலகமே இன்றும் அதைத்தான் தட்டுகிறது.

1989இல் க்னூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் ஷெல் இந்த இலக்கணத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் லினக்ஸ் கெர்னலில் முதன்முதலாக ஓடவைத்தவற்றில் பாஷும் ஒன்று. அப்புறம் லினக்ஸ் போன இடமெல்லாம் லூப்பும் போனது.

மைசூருவின் மானசகங்கோத்ரியில், 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. தமிழ் உட்பட நான்கு தென்னக மொழிகளின் அச்சு உரைநடையைக் கணினியில் ஏற்றித் தரவகமாகத் தொகுத்த இடம். இஸ்கி குறியீட்டில் ஏறிய அந்த எழுத்து, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த எமில் திட்டத்தில் யூனிகோடுக்கு மாறியது. 14 தெற்காசிய மொழிகள், ஃபைல்களெல்லாம் யூடிஎஃப்-16.

லூப்புக்கு வேலை வருவது இங்கேதான். அந்தத் தமிழ் ஃபைலில் 'மழை' என்று கிரெப் கட்டளையால் தேடினால் ஒரு துளியும் விழாது. நாம் தட்டுகிற 'மழை' யூடிஎஃப்-8இல் 9 பைட், ஃபைலுக்குள் இருப்பது 6 பைட். ஐகான்வ் கட்டளை ஒரு ஃபைலை நொடியில் யூடிஎஃப்-8க்கு மாற்றித் தரும். ஆனால் ஃபோல்டர் முழுக்க ஃபைல்கள்! அந்தக் கட்டளைக்கு முன்னால் 'ஃபார் எஃப் இன் *.டிஎக்ஸ்டி; டூ', பின்னால் '; டன்'. ஃபைல் பெயர் இருந்த இடத்தில் டாலர் குறியோடு 'எஃப்'. பத்து ஃபைலானாலும் பத்தாயிரமானாலும் இதே ஒரு வரி.

அந்த 'எஃப்'ஐ இரட்டை மேற்கோளுக்குள் வைக்க மறந்தால், பெயரில் இடைவெளி உள்ள ஃபைலை ஷெல் இரண்டாக வெட்டி, இரண்டையும் காணோம் என்று புலம்பும். அது பரவாயில்லை, சத்தம் போட்டாவது சொல்கிறது. மாற்றியதை அதே ஃபைலிலேயே எழுதச் சொல்வதுதான் ஆபத்து. ஐகான்வ் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் அந்த ஃபைலைக் காலிசெய்து திறந்து வைத்துவிடும். கையால் செய்தால் ஒரு ஃபைலோடு போகும், லூப் மொத்த ஃபோல்டரையும் துடைத்துவிட்டு மூச்சுவிடாமல் திரும்பி வரும். எனவே புது ஃபோல்டர் ஒன்று திறந்து அங்கே எழுதவிடுங்கள், முதல் ஓட்டத்தில் ஐகான்வுக்கு முன்னால் 'எக்கோ' சேர்த்து, ஃபைலில் எழுதச் சொல்லும் அம்புக்குறியை ஷெல் நிறைவேற்றிவிடாதபடி கட்டளையை இரட்டை மேற்கோளில் அடைத்து, என்ன நடக்கப்போகிறது என்று வரிவரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.