மதர்ஸ் ஃபார் நியூக்ளியர்

அணுமின்சாரத்துக்கு ஆதரவு திரட்டும் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு. கலிபோர்னியாவின் டையப்லோ கேனியன் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய ஹெதர் ஹாஃப், பொறியாளர் கிறிஸ்டின் ஜெய்ட்ஸ் என்ற இரு தாய்மார்கள் 2016-இல் தொடங்கியது.

ஹாஃப் முதலில் அணுசக்தியை நம்பியவரல்லர். உள்ளே வேலைக்குச் சேர்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, நேரில் பார்த்துத் தெளிந்த பிறகே மனம் மாறினார். புற ஊதா ஒளியில் பச்சையாக மிளிரும் யுரேனியக் கண்ணாடிப் பதக்கம் அவர் கழுத்தில் தொங்கும். வல்லுநர் அறிவோடு தாயின் அக்கறையும் சேர்ந்ததே இவ்வமைப்பின் வலிமை.

டையப்லோ கேனியன் வட்டாரத்தில் 1969-இல் தோன்றிய ‘மதர்ஸ் ஃபார் பீஸ்’ அமைப்போ இந்நிலையத்தைப் பல பத்தாண்டுகளாக எதிர்த்து வருகிறது.

2016 ஜூனில், நிலையத்தின் இரு உலைகளையும் 2025-க்குள் மூடப்போவதாக உரிமையாளரான பிஜி அண்ட் ஈ நிறுவனம் அறிவித்தது. மாநில மின் உற்பத்தியில் ஏறத்தாழ 9 விழுக்காட்டைத் தருவது இந்நிலையம். 2022 செப்டம்பரில் கையெழுத்தான மாநிலச் சட்டம், 2030 வரை அதை இயக்க வழிவிட்டது.