நாய்க்குத் தேங்காய் எண்ணெய் கொடுக்கலாமா? எவ்வளவு, எப்போது கூடாது?

பெங்களூரு: டிசம்பர், ஜனவரி மாதக் காலைகளில் பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்திருக்கும். வெப்பநிலை சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது உறைவதற்குக் காரணம், அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு இருப்பதே. செல்ல நாயின் சோற்றில் ஒரு கரண்டி ஊற்றும் முன் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ரோமம் பளபளக்கும், அரிப்பு நீங்கும் என்று கூறப்பட்டாலும், உணவில் சேர்ப்பதால் அவ்வாறு நிகழும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. நாயின் தோலுக்கு இன்றியமையாத லினோலிக் அமிலம் இந்த எண்ணெயில் மிகக் குறைவு. ஒமேகா-3 கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

வலிப்பு நோயுள்ள 21 நாய்களிடம் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த சிறப்பு உணவால் வலிப்பு குறைந்தது உண்மை. ஆனால், அந்த உணவும் தேங்காய் எண்ணெயும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். மருந்தை நிறுத்திவிட்டு இதைக் கொடுப்பது ஆபத்து.

10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி போதும். வழக்கமான உணவுக்கு அப்பாற்பட்டவை அதில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொது விதி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி, அதாவது இரு மடங்கு. கொடுத்தே ஆக வேண்டுமெனில் கால் தேக்கரண்டியில் தொடங்கலாம். ஒரு தேக்கரண்டியே உச்ச வரம்பு. பிஸ்கட் போன்ற தின்பண்டங்களையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

கணைய அழற்சி வந்த நாய்கள், உடல் பருத்தவை, ரத்தத்தில் கொழுப்பு மிகும் இயல்புள்ள மினியேச்சர் ஷ்னாசர் இனத்தவை ஆகியவற்றுக்கு வேண்டாம். தொடர் வாந்தி, உணவை மறுத்தல், வயிற்றுவலியால் முதுகை வளைத்து நிற்றல் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாட்டிலையும் பார்த்து எடுக்க வேண்டும். சிறிய பொதிகளில் வரும் தூய தேங்காய் எண்ணெயைச் சமையல் எண்ணெயாகக் கருதலாம் என 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது வரி தொடர்பான வழக்கில்தான். நறுமணமும் மூலிகையும் சேர்த்த தலைமுடி எண்ணெய் உணவுக்கு உகந்ததல்ல. உண்ணி போகக் கற்பூரம் கலந்து பூசும் வழக்கமும் தீங்கானது. நாய் அதை நக்கிவிடும், கற்பூரம் நாய்க்கு நஞ்சு.

தீராத அரிப்புக்குப் பெரும்பாலும் உண்ணி, சொறிப்பூச்சி, பூஞ்சை அல்லது ஒவ்வாமை காரணமாக இருக்கும். எண்ணெயை நம்பிக் காத்திருக்கும் வாரங்களில் நோய் முற்றக்கூடும். ரிச்சர்ட்ஸ் டவுன்வாசிகளுக்கு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது.