புழுங்கலரிசியும் பதினெட்டு உயிர்களும்: சிகிச்சைப் பயனைக் கணக்கிடும் முறை பற்றி ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சோழர் கல்வெட்டுகள் கடாரம் எனச் சுட்டும் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் முதலிய ஊர்களைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் பல தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அவர்களுள் பலர் அருகிலுள்ள நகரங்களில் குடியேறினர். அக்குடும்பங்களில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் நாள்தோறும் மாத்திரை உண்போர் இன்று பலர். 'இம்மருந்து ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்' எனக் கேட்டவுடன் நாம் மனநிறைவு கொள்கிறோம். எதில் பாதி என்று வினவுவதில்லை. அவ்வினாவின் இன்றியமையாமையை மலாயா மண்ணில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் துணைகொண்டு விளக்க முற்படுகிறது இக்கட்டுரை.

பெரிபெரியும் அரிசியும்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் மாநிலங்களில் பெரிபெரி என்னும் நோய் பெருந்துன்பம் விளைவித்தது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து இறப்பு நேரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரே பெரும்பாலும் இதற்கு இரையாயினர். தோட்டத் தமிழரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் இவ்வேறுபாட்டை உற்றுநோக்கினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டதோ புழுங்கலரிசி. அரிசியே நோய்க்குக் காரணம் என்னும் தம் கருத்தை அவர் 1907-இல் நூலாகவும் வெளியிட்டார்.

இக்கருத்தைச் சோதித்தவர் கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். கெடா அக்காலத்தில் சயாமின் மேலாண்மையில் இருந்தது. 1909-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே பிரித்தானியர் வசமாயிற்று. எனவே கூட்டமைப்பு மலாய் மாநிலங்களின் தலைநகரிலேயே ஆய்வு நிகழ்ந்தது. 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றை எண்ணினர்க்குத் தீட்டிய பச்சரிசியும் இரட்டை எண்ணினர்க்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். மற்ற உணவு இரு சாரார்க்கும் ஒன்றே. 1906-ஆம் ஆண்டின் இறுதியில், பச்சரிசி உண்ட 120 பேரில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நோயுற்றிருந்தனர்; 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவர்க்கே நோய் இருந்தது. அவ்விருவரும் நோயுடனேயே வந்து சேர்ந்தவர்கள். இறந்தவர் எவருமிலர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி1 அரிசிமணியினுள் இறங்குகிறது. பின்னர்த் தீட்டினாலும் முற்றாக நீங்குவதில்லை. இவ்விளக்கம் பின்னாளில் கிடைத்ததாகும். அச்சத்து தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1926-இல் ஜாவாவில்.

கணக்கும் அதன் எல்லையும்

120 பேரில் 18 பேர் என்பது 100-க்கு 15. மறுபுறம் சுழியம். வேறுபாடு 15. நூறை இவ்வேறுபாட்டால் வகுத்தால் ஏறத்தாழ 7 கிடைக்கும். அதாவது, அம்மருத்துவமனையில் ஓராண்டுக் காலம் ஏழு பேர்க்கு அரிசியை மாற்றியிருந்தால் ஓர் உயிர் காக்கப்பட்டிருக்கும். ஒருவர் பயன்பெற எத்தனை பேர் சிகிச்சை பெறவேண்டும் என்னும் இவ்வளவுகோலை 1988-இல் லவுபாக்கிஸ், சாக்கெட், இராபர்ட்ஸ் ஆகிய மூவர் மருத்துவ உலகிற்கு முன்மொழிந்தனர். சான்றுசார் மருத்துவத்தின் அடிப்படைக் கருவிகளுள் ஒன்றாக அது இன்று விளங்குகிறது.

இந்த ஏழு என்னும் எண்ணை அக்காலத் தோட்ட லயங்களுக்கு அப்படியே பொருத்த இயலுமா? இயலாது. அங்கிருந்தோர் முன்னரே புழுங்கலரிசி உண்டவர்கள். அவர்தம் தொடக்க ஆபத்து மிகச் சிறிது. ஆகவே புதிதாகக் கிட்டக்கூடிய பயனும் மிகச் சிறிதே. ஆனால் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டபோது நிலை தலைகீழாயிற்று. வாந்திபேதி, மலேரியா, வயிற்றுக்கடுப்பு இவற்றோடு பெரிபெரியும் அங்குத் தாக்கியது. மக்கள் அவர்களே, உணவு மாறியதும் ஆபத்தும் மாறியது. சிகிச்சையின் பயன் மருந்தில் மட்டுமன்று, அதனைப் பெறுவோரின் நிலையிலும் அடங்கியுள்ளது என்பது இதனால் தெளிவாகும்.

பயனும் தீங்கும்

பயனைப் போன்றே தீங்கையும் எண்ணுதல் வேண்டும். பிரித்தானியாவில் இதயநோய் அறியப்படாத நீரிழிவு நோயாளர் 15,480 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. சராசரி 7.4 ஆண்டுகளில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடும் இரத்தநாள நிகழ்வுகள் ஆஸ்பிரின் உண்டோரில் 100-க்கு 8.5 பேர்க்கும், உண்ணாதோரில் 9.6 பேர்க்கும் நேர்ந்தன. பெரும் இரத்தக்கசிவோ முறையே 4.1, 3.2 ஆகும். 91 பேர் உண்டால் ஒருவர் காக்கப்படுவார். ஏறத்தாழ 111 பேர் உண்டால் ஒருவர்க்குப் பெரும் இரத்தக்கசிவு நேரும். ஆபத்து எட்டில் ஒரு பங்கு குறைந்தது என்று மட்டும் சொன்னால் இத்தராசின் மறுதட்டு மறைந்துவிடுகிறது. ஏற்கெனவே மாரடைப்புக்கு ஆளானோரின் தொடக்க ஆபத்து மிகுதி. அவர்க்குரிய கணக்கு வேறு. ஆதலின் இவ்வெண்களைக் கண்டு எவரும் தாமாகவே மருந்தை நிறுத்தலாகாது.

முடிவுரை

மருத்துவரிடம் நாம் கேட்கவேண்டியவை நான்கு. மருந்தின்றி நூற்றுவரில் எத்தனை பேர்க்கு நோய் வரும்? மருந்துண்டால் எத்தனை பேர்க்கு? எத்தனை பேர்க்குத் தீங்கு நேரும்? ஆய்வுக்குட்பட்டோர் நம்மை ஒத்தவரா? இவ்வினாக்களுக்குக் கணக்கு விடை தரும். அவ்விடைக்கு ஒரு விலையும் இருந்தது. கோலாலம்பூரில் பச்சரிசி உண்டு மாண்ட பதினெட்டுப் பேர், தம் இசைவைத் தெரிவிக்கும் நிலையில் இல்லாத நோயாளிகள். நம் முன்னோர் அடுப்பில் ஏற்றிய புழுங்கலரிசியின் அருமையை எண்ணால் மெய்ப்பித்தவர்கள் அவர்களே. அவ்வெண்ணைப் பிழையறப் படிக்கக் கற்பது நாம் அவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடன் ஆகும்.