துண்டுச்சீட்டும் துரைமாரும்

1867இல் இலங்கையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோது, மலையகத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் வழி அதற்கு முந்தைய காப்பிக் காலத்திலேயே உருவாகியிருந்தது. தோட்டத்தை நடத்தும் துரை முன்பணம் கொடுப்பார். ஆட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணி அதை எடுத்துக்கொண்டு தமிழகத்துக் கிராமங்களுக்குப் போய் ஆள் திரட்டி வருவார். வழிச்செலவு, சோறு, கம்பளி எல்லாம் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். எழுதப் படிக்கத் தெரியாதவரால் அந்தக் கணக்கைச் சரிபார்க்க முடியாது. கங்காணி கூட்டி எழுதினாலும் கேட்பாரில்லை. ஆள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் கங்காணிக்குத் தலைக்காசு தனியாகக் கிடைத்தது.

கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. மாற வேண்டுமானால் துரை ஒரு துண்டு எழுதித் தருவார்: இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்பதே அதன் சாரம். புதிய தோட்டத்துத் துரை அதைக் கட்டிக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வார். கடன் நியாயமானதா என்று அவர் விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. பொய்க்கணக்கானாலும் கொழுந்து பறிக்க அவருக்கு ஆள் கிடைத்தது. ஏமாற்றியவர் கங்காணி என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடனைக் காசு கொடுத்து வாங்கியவரைக் குற்றமற்றவர் என்று சொல்ல முடியாது. முன்பணமும் துரைமார் கொடுத்ததே, ஆதாயமும் அவர்களுக்கே.

இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். 1921இன் சட்டம் துண்டைத் தடைசெய்தது. கங்காணியின் பிடி அதோடு விடவில்லை; கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் தொடங்கியபோதும் அதை எதிர்த்தே பேச வேண்டியிருந்தது.