வரியொன்று செய்தியொன்று: வெற்றுரைக் கோப்பின் வரலாறு

மக்கள் தம் எழுத்தை எப்பொருளின்மேற் பொறித்தனரோ அப்பொருளின் இயல்பே அவ்வெழுத்தின் ஆயுளை வரையறுத்து வந்தது. கல்லும் செப்பேடும் நெடிது நின்றன. ஓலை செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாயிற்று. கணினியிற் பொறிக்கப்படும் எழுத்தின் ஆயுளோ பொருளைச் சார்ந்ததன்று. அதனைக் காப்பவர் யாவர் என்பதையே அது பெரிதுஞ் சார்ந்துள்ளது. ஜியோசிற்றீஸ் தளத்தின் அமெரிக்கக் கிளையை யாகூ நிறுவனம் 2009 ஒக்ரோபரில் மூடியது. போஸ்ரெரஸ் என்னும் பதிவுத்தளம் 2013 ஏப்பிரலிலும், கூகிள் பிளஸ் 2019 ஏப்பிரலிலும் மறைந்தன. அவ்விடங்களிற் பல்லாண்டு எழுதியவர்கள் உயிரோடிருந்தனர். எழுத்தைக் காத்தவர் கடையைக் கட்டிவிட்டனர்.

இந்நிலைக்கு மாறாக, ரீ, டபிள்யூ, ரீ, எக்ஸ், ரீ என்னும் ஐந்து ஆங்கில எழுத்துக்களாற் குறிக்கப்படும் ருவிற்ரெக்ஸ்ற் முறை 2016 இல் வெளிவந்தது. குறுஞ்செய்தி வெளியிடுதற்குப் பெருநிறுவனம் எதுவும் வேண்டியதில்லை என்பது அதன் துணிபு. வெற்றுரைக் கோப்பு ஒன்று, அதில் வரியொன்றுக்குச் செய்தியொன்று, வரியின் முதலில் நாளும் நேரமும், அடுத்து ரப் எனப்படும் இடைவெளிக் குறி, அதன்பின் செய்தி. அக்கோப்பை இணையத்தில் எவரும் எடுக்கத்தக்க ஓரிடத்தில் வைத்துவிட்டால் வெளியீடு முற்றுப்பெறும். எழுத்தின் அளவு, நிறம், படம் ஆகிய அலங்காரங்கள் எவையும் அதில் இல்லை. இத்துணை எளிய அமைப்பு பயன்படுவது எங்ஙனம் என்பதை அறிய, ஏறத்தாழ அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

நியூ ஜேர்சி மாநிலத்து மரேகில் என்னுமிடத்திலிருந்த பெல் ஆய்வுகூடம், மல்ற்றிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து 1969 இல் விலகியது. அவ்வாண்டிலேயே கென் தொம்சன், ஒதுக்கப்பட்டுக் கிடந்த சிறு கணினி ஒன்றில், பின்னர் யுனிக்ஸ் எனப் பெயர் பெற்ற பணிசெயல் முறைமையைத் தொடங்கினார். புதுக் கணினி வாங்கப் பணம் கேட்டபோது அவரும் தோழரும் முன்வைத்த காரணம் பணிசெயல் முறைமை அன்று. ஆவணங்களைத் தட்டச்சிட்டுத் திருத்தி ஒழுங்குபடுத்தும் வசதியே. அவ்வாறே 1971 இன் பிற்பாதியில் ஆய்வுகூடத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த தட்டச்சாளர் மூவர் அக்கணினியில் விண்ணப்பங்களைத் தயாரித்தனர். அதன் நினைவகம் 24 ஆயிரம் பைற்று. வட்டு 512 ஆயிரம் பைற்று. யுனிக்ஸ் பிறந்த வீடு எழுதுவினைஞரின் மேசை எனக் கூறுதல் மிகையாகாது. வரிவரியாய் அமைந்த உரையே அதன் செய்நிரல்கள் யாவற்றுக்கும் பொதுமொழியாயிற்று.

அப்பொதுமொழிக்கு உயிரூட்டியது குழாய் என்னும் ஏற்பாடு. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைப்பதுபோலச் செய்நிரல்களை இணைத்தல் வேண்டும் என டக்ளஸ் மக்கில்ரோய் 1964 ஒக்ரோபரிற் குறிப்பொன்று எழுதிவைத்தார். அது நிறைவேற எட்டாண்டுக்கு மேற் சென்றது. 1973 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்புக் கைந்நூலிலே குழாய் இடம்பெற்றது. ஒரு செய்நிரல் உமிழும் வரிகளை மற்றொன்று பருகும்; இடையிற் கோப்பு எதுவும் வேண்டியதில்லை.

கிறெப் என்னும் தேடற்கருவியின் பிறப்பு, வரலாறு கற்போர்க்குத் தனிச்சுவை பயப்பது. அமெரிக்க அரசியல் யாப்பை ஆதரித்து 1787, 1788 ஆம் ஆண்டுகளிற் புனைபெயரில் வெளியான பெடரலிஸ்ற் கட்டுரைகள் 85. அவற்றை எழுதியோர் அமில்ரன், மடிசன், ஜே ஆகிய மூவர். ஆயினும் பன்னிரண்டு கட்டுரைகள் அமில்ரனுடையனவோ மடிசனுடையனவோ என்பது நெடுங்காலம் வழக்காடப்பட்ட செய்தி. பெல் ஆய்வுகூடத்து லீ மக்மான் சொல்லாட்சியைக் கொண்டு இதனை ஆராய விரும்பினார். அக்காலத்துப் பதிப்புக் கருவியாகிய எட் அவ்வளவு உரையையும் ஒருங்கே தாங்கவல்லதாக இல்லை. ஆதலின் அதன் தேடும் உறுப்பை மட்டும் தொம்சன் தனியே பிரித்துக் கொடுத்தார் எனப் பிறயன் கேணிகன் கூறுவர். வரிகளை ஒவ்வொன்றாய் நோக்கி வேண்டியதை வெளியிட்டு ஏனையதை விட்டுவிடும் அக்கருவிக்குக் கோப்பு எத்துணைப் பெரிதாயினும் கவலையில்லை. மக்மான் தாமே பின்னர் செட் என்னும் திருத்தற்கருவியை இயற்றினார். 1977 இல் ஆகோ, வைன்பேகர், கேணிகன் என்னும் மூவர் பெயரின் முதலெழுத்துக்களால் ஓக் தோன்றியது. நூலாசிரியர் யாரென்ற பழைய வழக்கொன்று இருபதாம் நூற்றாண்டின் கணினிக்கு நிலையான கருவியொன்றை ஈந்தமை விந்தையே.

எழுத்தாளர் தம் கோப்பைத் தம்மிடத்தே வைத்துப் பிறரை வாசிக்கவிடும் வழக்கமும் அக்காலத்ததே. இசுரான்பேட் பல்கலைக்கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் லெஸ் ஏர்ணெஸ்ற் 1970 களின் தொடக்கத்தில் பிங்கர் என்னும் செய்நிரலை ஆக்கினார். எவர் கணினியில் இருக்கின்றார் என அது தெரிவித்தது. வாராமைக்குக் காரணம் கூற இடம் வேண்டுமெனச் சிலர் கேட்கவே, பிளான் என்னும் கோப்பும் உடன் காட்டப்பட்டது. விடுமுறைச் செய்தி எழுதத் தொடங்கியோர் நாளடைவில் கருத்தும் நகைச்சுவையும் எழுதலாயினர். 1990 களில் ஜோன் கார்மக் என்னும் விளையாட்டு மென்பொருளாளர் தம் அன்றாட வேலையைப் பிளான் கோப்பில் எழுத, அதனைப் படிப்போர் உலகெங்கும் இருந்தனர். ஆயினும் பிங்கருக்குப் பேரிடி முன்னரே விழுந்திருந்தது. 1988 நவம்பரிற் பரவிய மொறிஸ் புழு, 512 பைற்றுக்கென ஒதுக்கிய இடத்தில் 536 பைற்றைத் திணித்தே பிங்கர் சேவை நடந்த கணினிகளுட் புகுந்தது. நாளடைவிற் பல நிறுவனங்கள் அக்கதவைச் சாத்திவிட்டன.

2006 இல் தோன்றிய ருவிற்றர் அவ்வழக்கத்தையே பெருவணிகமாக்கியது. தொடக்கத்தில் அது கட்டளைவரியாளரைப் புறக்கணித்ததில்லை. 2010 ஓகஸ்ற் வரை, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துக் கேர்ள் என்னும் கருவியால் ஒரே கட்டளையிற் செய்தி வெளியிட முடிந்தது. பின்னர் அவ்வழி அடைக்கப்பட்டது. அனுமதி பெறாது செய்திகளை எடுத்து வாசிக்கும் வழி 2013 யூனிலும், பிற செய்நிரல்களுக்குக் கட்டணமின்றி வழங்கிய பழைய வசதி 2023 இலும் முடிவுற்றன. அவ்வாண்டு யூலையில் அதன் பெயரும் எக்ஸ் என மாறியது. வாயில் பிறர் கையிலிருப்பின் திறத்தலும் அடைத்தலும் அவர் விருப்பே. இதிற் குறைகூற இடமில்லை, வியக்கவும் இடமில்லை.

ருவிற்ரெக்ஸ்ற் முறையில் வாயிலே இல்லை. டேற் என்னும் கட்டளை நேரத்தைத் தரும்; பிரின்ற்எஃப் அதனோடு ரப் குறியையும் செய்தியையும் சேர்க்கும்; இரட்டைக் கோணக்குறி அவ்வரியைக் கோப்பின் இறுதியில் ஒட்டும். மறதியால் ஒற்றைக் கோணக்குறி இட்டாலோ பழைய வரிகள் அனைத்தும் ஒரு நொடியில் அழிந்து புதிய வரி மட்டுமே எஞ்சும். பிறர் காவலை விட்டவர்க்குத் தம் கையே பகையாதலும் உண்டு. வாசிப்பவர், தாம் விரும்பும் ஒவ்வொருவர் கோப்பையும் கேர்ள் கொண்டு எடுத்து, ஓக் கொண்டு வரிதோறும் எழுதியவர் பெயர் சேர்த்து, சோர்ற் கொண்டு நேரப்படி அடுக்கிப் படிக்கலாம். ஐந்தாறு கருவி, நான்கு குழாய்.

அடுக்குதலில் நுணுக்கமொன்று உண்டு. ஆண்டு, திங்கள், நாள், மணி என்னும் வரிசையில் நேரம் எழுதப்படுவதால், எழுத்து வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசை கிட்டும். எனினும் யாழ்ப்பாணத்திற் காலை 8 மணிக்கு எழுதிய வரியும், அதற்கு அரைமணி கழித்து, மாரிகாலத்து இலண்டனில் அதிகாலை 3 மணிக்கு எழுதிய வரியும் தலைமாறி நிற்கும். ஆதலின் உலகப் பொது நேரத்தில் எழுதுவதே முறை. உள்ளூர் நேரம் எழுதுவோர் பொதுநேரத்துக்கும் அதற்குமுள்ள வேறுபாட்டைக் குறித்தல் இன்றியமையாதது. இலங்கை 1996 இல் இருமுறையும் 2006 இல் ஒருமுறையும் தன் கடிகாரத்தை மாற்றிய நாடு. வேறுபாடு குறிக்கப்படாத பழைய பதிவுகளில் அரைமணியோ ஒருமணியோ ஐயத்துக்கு இடமாதல் கண்கூடு.

ஆங்கிலத்துக்கென இயற்றிய இக்கருவிகள் தமிழ் வரியைச் சிதைக்காமைக்குக் காரணம் யூரிஎஃப்-8 என்னும் குறிமுறையாகும். தமிழெழுத்துக்கள் 1991 இல் யுனிக்கோட் முதற்பதிப்பில் இடம்பெற்றன. மறுவருடம் செப்ரெம்பரில், முற்கூறிய தொம்சனும் றொப் பைக்கும் நியூ ஜேர்சி உணவுச்சாலை ஒன்றில், தட்டின்கீழ் விரிக்கும் தாளிலே இக்குறிமுறையை வகுத்தனர். பழைய ஆங்கில எழுத்துக்கும் ரப், வரிமுடிவு முதலிய குறிகளுக்கும் உரிய எண்கள் வேறெந்த மொழியெழுத்தின் உறுப்பாகவும் இதில் வருவதில்லை. ஆதலின் வரியையும் ரப்பையும் நோக்கிப் பிரிக்கும் கருவிக்கு நடுவிலிருப்பது தமிழா ஆங்கிலமா என்ற அறிவு வேண்டியதில்லை. எண்ணத் தொடங்கும்போதே இடர் எழுகின்றது. யாழ்ப்பாணம் என்பது தமிழர் கணக்கில் ஆறெழுத்து. யுனிக்கோட் கணக்கில் 11 குறி. பைற்றுக் கணக்கில் 33. செய்தி 140 வரியுருவுக்கு மேற்படலாகாது என ருவிற்ரெக்ஸ்ற் பரிந்துரைப்பது குறிக்கணக்கின்படி ஆதலால், மெய்யும் உயிர்மெய்யும் மிக்க தமிழுக்கு ஏட்டிடம் சுருங்கும். பைற்றுக் கணக்கில் வெட்டினால் எழுத்தே இரண்டாய்ப் பிளவுபடும்.

குறைகள் வேறும் உள. தன்னை எவர் படிக்கின்றனர் என எழுதியவர் எளிதில் அறியார். மறுமொழி எழுதப்பட்டதாயின், எழுதியவருடைய கோப்பைத் தேடிச்சென்று எடுத்தாலன்றி அது தெரியவராது. பெருந்திரளான மக்கள் இதன்பாற் செல்லாமை எதிர்பார்க்கத்தக்கதே. வரலாற்றாசிரியர்க்கோ இவற்றினும் பெரிய ஐயம் ஒன்றுண்டு. கோப்பின் உடையவர் சென்ற ஆண்டு எழுதிய வரியை இன்று செட் கொண்டு சுவடின்றி மாற்றலாம்; நாளையும் நேரத்தையுங்கூட மாற்றலாம். முத்திரையும் சாட்சியுமின்றி எழுதியவர் கையிலேயே இருக்கும் ஆவணத்தை எவ்வளவுக்கு நம்பலாம்?

இதற்கு மறுமொழியும் பெல் ஆய்வுகூடத்திலிருந்தே வந்துள்ளது. இரு கோப்புகளை வரிவரியாய் ஒப்பிட்டு வேறுபட்டவற்றை மட்டும் காட்டும் டிஃப் என்னும் கருவியை மக்கில்ரோய் 1974 அளவில் இயற்றினார். வாசகர் ஒருவர் முன்னர் எடுத்துவைத்த பிரதியை இன்றைய பிரதியோடு அதில் இட்டால், புதிதாய்ச் சேர்ந்த வரியும் நீங்கிய வரியும் திருத்திய வரியும் பாடபேதமாக எதிரே நிற்கும். அவ்வொப்புநோக்கு, முன்னைய பிரதியை எவரேனும் தம் வட்டில் வைத்திருந்த நாள்களுக்கே இயலும்.