குர்துபாவின் தூண்கள்

கல்லூரி மாணவர்களோடு கல்விச் சுற்றுலாவாக ஸ்பெயினின் குர்துபா நகருக்குப் போயிருந்தோம். பெரிய பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் தூண்களை எண்ணத் தொடங்கினார்கள். இருப்பவை 856. நாற்பதிலேயே கணக்குத் தவறிவிட்டது.

785 அளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் இதைக் கட்டத் தொடங்கியபோது, பழைய ரோம, விசிகோத் கட்டடங்களின் தூண்களை எடுத்து வந்து நாட்டினார்கள். அவை கட்டையானவை. கூரையை உயர்த்தத்தான் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை வளைவுகள். அழகுக்கென்றே நாங்கள் நினைத்திருந்தோம்!

1236 இல் நகரம் மூன்றாம் பெர்டினண்ட் மன்னரிடம் வீழ்ந்தது, பள்ளிவாசல் தேவாலயமானது. ஆனாலும் கட்டடம் பெரிதாகச் சிதையவில்லை. 1523 இல்தான் ஆயர் நடுப்பகுதியை இடித்துப் புதிய தேவாலயம் எழுப்ப முனைந்தார். எதிர்த்து நின்றது யார் தெரியுமா? அந்த ஊர் நகரசபை. எல்லோரும் கிறிஸ்தவர்கள். இடிக்கப் போகும் வேலையாட்களுக்கு மரண தண்டனை என்றே அறிவித்தார்கள். பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் ஆயரின் பக்கம் நின்றதால் வேலை நடந்தது.

அந்தலூஸ் பற்றி நம்மவர்கள் பகிரும் பதிவுகளில் இந்த நகரசபையை நாம் கண்டதேயில்லை. நாங்களும் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததில்லை, உண்மையைச் சொன்னால்.

மிஹ்ராப் கம்பி வேலிக்கு அப்பால் இருந்தது. அங்கே தொழ அனுமதியில்லை. பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே தோடை மரங்கள் நின்ற முற்றத்துக்கு வந்த பிறகும், பிள்ளைகள் அந்த நகரசபையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.