கொட்டியாரக் குடாவைக் கடந்து வந்தவர்கள்

இலண்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் எம் பழைய மாணவிகள் சிலர், காலையில் ஊரே இரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போவதையும் மாலையில் உறங்க மட்டும் வீடு திரும்புவதையும் பற்றிக் கடிதங்களில் எழுதுவார்கள். இரயில் பாதை வந்த பின், 19 ஆம் நூற்றாண்டில் அங்கே வேரூன்றிய வாழ்க்கைமுறை அது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மூதூர்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஊரிலும் விடியுமுன் எழுந்து நகரத்துக்குப் போனார்கள். பொழுதுபடத் திரும்பி வந்தார்கள். ஆனால் நடுவே கிடந்தது கடல்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. அதன் தென்கரையில் மூதூர். அருகே மகாவலி கங்கை கடலிற் கலக்கிறது. உள்ளே கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர், பள்ளிக்குடியிருப்பு, தோப்பூர், கிளிவெட்டி என வயலும் குளமும் சூழ்ந்த ஊர்கள். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் மண். மாவட்டத்தின் பழைய நான்கு பற்றுகளில் ஒன்றான கொட்டியாரப்பற்று இதுவே.

இந்தக் கரையை உலகறியச் செய்தவர் ஓர் ஆங்கிலேயர். புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற கப்பல் பழுதுபார்க்க இக்குடாவுக்கு வந்தது. 1660 இல் அதன் தலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் மாலுமிகள் சிலரும் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். கரையோரப் புளியமரம் ஒன்றின் கீழ் தந்தை அமர்ந்திருந்ததை நொக்ஸ் தம் நூலில் குறித்திருக்கிறார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து, 1679 இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் வெளியான அவருடைய இலங்கை வரலாறு இன்றும் வாசிக்கப்படுகிறது. எங்கள் சிறுவயதில் அந்த மரத்தை 'வெள்ளைக்காரன் மரம்' என்று காட்டுவார்கள்.

அக்கரையில் நகரம் வளர்ந்ததற்குக் காரணம் துறைமுகம். 1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய திருகோணமலை, அவர்களுடைய கடற்படையின் பெருந்தளங்களுள் ஒன்றாயிற்று. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. 1957 இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துப் போயினர். ஆயினும் கச்சேரி, நீதிமன்றம், பெரியாஸ்பத்திரி, சந்தை, மேல்வகுப்புப் பாடசாலைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. கொட்டியாரத்தார் நெல்லும் தயிரும் மீனும் கொண்டு போனார்கள். சம்பளமும் மருந்தும் படிப்பும் தேடிப் போனார்கள்.

தரைவழி இல்லாமலில்லை. ஆனால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய துறைகளில் பஸ்ஸை விட்டிறங்கிப் 'பாதை'யில் ஏறவேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வீதி மட்டுமல்ல, ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் மிதவையும் பாதைதான். அல்லை, கந்தளாய் என்று சுற்றிப் போனால் பாதி நாள் போய்விடும். ஆகவே எங்களுக்கு வழி என்றால் லோஞ்ச். ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். உத்தியோகத்தர்கள் குடையும் சாப்பாட்டுப் பொதியுமாக ஒரு பக்கம். தயிர்ச் சட்டிகள் மறுபக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள் நடுவே. வாடைக்காற்றுக் காலத்தில் குடா கொந்தளிக்கும். லோஞ்ச் ஓடுமா ஓடாதா என்பதை இறங்குதுறைக்குப் போய்த்தான் அறியவேண்டும். ஓடாத நாளில் கச்சேரியில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கும். வகுப்பில் ஒரு வாங்கும்.

நான் எம் கல்லூரியில் சேர்ந்தது 1970 களில். அப்பா கச்சேரியில் எழுதுவினைஞர். தினமும் கடல் கடந்தவர். என்னை விடுதியில் விட்டார். வெள்ளி பின்னேரம் அவருடன் ஊர் போய், திங்கள் காலை முதல் லோஞ்சில் திரும்புவேன். ஊர்ப் பள்ளியில் என்னோடு படித்தவள் ஒருத்தி கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுடைய வாப்பா, "பொம்புளப்புள்ளைய கடல் தாண்டி எப்படி அனுப்புறது?" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறைசொல்ல இன்றும் என்னால் முடியவில்லை. விடுதிக்குப் பணம் வேண்டும். கடலுக்குத் துணிவு வேண்டும். ஆண்பிள்ளையென்றால் நகரத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையிலாவது படுத்துப் படித்திருப்பான். எங்கள் நூற்றாண்டுப் பதிவேடுகளில் இருக்கும் பெயர்களை எண்ணுகிறோம். இறங்குதுறையோடு நின்றுபோன பெயர்களை யார் எண்ணுவது?

பின்னர் வந்த போர்க்காலத்தில் அந்த ஒரு மணித்தியாலம் சோதனைச் சாவடிகளால் நீண்டது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை மூதூரையும் கிண்ணியாவையும் அடித்தது. 2006 இல் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அவ்வாண்டு ஓகஸ்டில் மூதூரே இடம்பெயர்ந்து கந்தளாய்ப் பக்கம் நடந்தது. சம்பூரில் பலர் தங்கள் காணியை மீண்டும் மிதிக்கச் சுமார் பத்தாண்டுகள் ஆயின.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அப்போது இலங்கையின் மிக நீண்ட பாலம் அதுவே. தொடர்ந்து மற்றத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. மூதூரிலிருந்து திருகோணமலைக்கு இறங்காமலே பஸ்ஸில் வரலாம் என்றாயிற்று. நகரத்தில் வேலை பார்ப்பவர் மாலையில் வீடு திரும்ப, இனிக் காற்றைப் பார்க்கத் தேவையில்லை.

ஆனால் எல்லாத் துறைகளும் ஒன்றாக மறையவில்லை. 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாதிருந்ததால் மாற்று வழியாக ஓடிய படகுப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் அதில் மாண்டார்கள். படிக்கப் போன பிள்ளைகள். லோஞ்சில் வளர்ந்த எங்களுக்கு அது செய்தியாக மட்டும் இருக்கவில்லை.

சென்ற முறை ஊர் போனபோது அந்தச் சிநேகிதியைக் கண்டேன். அவளுடைய பேத்தி தினமும் பஸ்ஸில் நகரத்துக்குப் படிக்க வருகிறாள். "உன்ட பள்ளிக்கூடம் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலதானாம் புள்ள. அவ்வளவு கிட்டவா இருந்திச்சு?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூதூர், கிண்ணியா, தோப்பூர், சம்பூர்ப் பக்கங்களிலிருந்து வந்த சகோதரிகள் எங்கிருந்தாலும் தங்கள் கடவை நினைவுகளை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பவேண்டுகிறேன். உங்களுடன் வரமுடியாது போனவர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள். அவர்களையும் சேர்த்தால்தான் இந்த நூற்றாண்டின் கணக்கு முழுமையாகும்.